மண்ணுக்குப் போகாத ஈரல் துண்டு

என் செல்ல அத்தாவுக்கு ஸலாம்.

ஜெயித்துவிட்டோம் அத்தா. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போதே முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா முந்திக்கொண்டார். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்து, "இன்னாடி, லேப்ல பிரியாணி போட்டாங்களா?" என்றார்.

உங்கள் ஆபரேஷனுக்கு முன்னால் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஈரலிலிருந்து எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். "தாராளமா எடுத்துக்குங்க சார். அத வச்சி நான் இன்னா பண்ணப் போறேன்?" என்று, நம் பெயின்ட் கடையில் பேரம் முடிக்கிற மாதிரி தலையாட்டிவிட்டீர்கள். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. உடம்பிலிருந்து எடுத்தது எதுவானாலும் புதைப்பதுதானே நம் வழக்கம். வெட்டிய நகத்தைக்கூட ரோஜாச் செடியடியில் புதைப்பவர் அவர். உங்கள் மௌத்துக்குப் பிறகு, "முழுசா அடக்கம் பண்ணலியே" என்று எத்தனை தடவை அழுதார். அந்தத் துண்டு போய்ச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு வேறு கோபம். உங்கள் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஊரப்பாக்கம் வாத்தியாருக்கும் உங்களுக்கும் கட்டி ஒரே அளவு. டாக்டர் இருவருக்கும் ஒரே நம்பிக்கையைத்தான் சொன்னார். வாத்தியார் இன்றும் பேத்தியை சைக்கிளில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறார். நீங்கள் அடுத்த ரமலானைப் பார்க்கவில்லை. ஏன் அத்தா?

ஒவ்வொரு துண்டிலும் எந்த ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வெளியே ஒரே மாதிரி தெரிந்த கட்டிகள் உள்ளே வேறு வேறாக இருந்தன. நெடுநாள் பிழைத்தவர்களுக்கு ஒரு விதம், சீக்கிரம் போனவர்களுக்கு இன்னொரு விதம். உங்களுடையதும் அந்தத் துண்டுகளில் ஒன்று. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு காரணம் சொல்ல யாருக்குத்தான் வராது? அதனால் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து துண்டுகள் வாங்கினோம். அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமலே, யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லி அனுப்பினோம்.

இன்று பதில் வந்தது. சிலர் விஷயத்தில் எங்கள் கணிப்பு தப்பியிருக்கிறது, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மற்றபடி நாங்கள் சொன்னதே நடந்திருக்கிறது. சிரிக்கவே தெரியாதவர் என்று நாங்கள் கிண்டல் செய்யும் எங்கள் மேடம் மேஜையைத் தட்டி, "வந்துருச்சுப்பா" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அதுல உங்க அத்தா எது?"

"தெரியாதும்மா. பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எல்லாத்தையும் அத்தான்னு நெனச்சுதான் தொட்டேன்."

"மிச்சம் இருக்குமா?"

"இருக்கும்மா."

அடக்கம் செய்யக் கேட்கப்போகிறார் என்று பயந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அங்கியே இருக்கட்டும். இன்னும் நாலு பேருக்கு ஆவும்ல" என்றார். கையோடு சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் ஜெயிச்சிட்டாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

இது நோயாளிகளுக்குப் பயன்பட இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி இருக்கின்றன. நான் விடமாட்டேன் அத்தா. ஒருநாள் யாரோ ஒருவர், தனக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டரைக் கேட்பார். அந்த நோயாளியின் கட்டிக்குள் இருக்கும் ஜீன்களைப் பார்த்தே உண்மையைச் சொல்வார்கள். சொல்ல வைப்பேன்.

உங்கள் ஈரலை நம்பி வேலை பார்க்கும் மூத்த மகள்,
நஸ்ரீன்