ஈய முத்திரையை உடைத்த நானாவுக்கு

நானா,

இன்று காலை மலையேறும்போது எனக்கு முன்னால் ஒரு பிக்அப் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன்; இருந்தும் பாதி எரிந்த டீசலின் வாடை உள்ளே வந்து மூக்கில் ஏறியது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், 'எவனோ பம்ப்ப அரைகொறையா திருப்பீக்கான்' என்று காறித் துப்பியிருப்பீர்கள். இன்னொருத்தன் செய்த வேலையை நீங்கள் நல்லது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

குருவிட்டையில் எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்ட உங்கள் கராஜுக்கு நான் வேறு வழியில்லாமல்தான் வந்தேன். பள்ளத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து, மேட்டு உச்சியில் இருக்கும் ஃபெக்டரிக்குக் கொண்டுபோவது என் தொழில். எங்கள் வீட்டுச் சோறு அந்தப் பழைய ஜப்பான் பிக்அப்பை நம்பித்தான் இருந்தது. அதுவோ முழு லோடு ஏற்றினால் கடைசி வளைவில் நின்றுவிடும். பாதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி வந்து ஏற்றிப் போவதற்குள் கொழுந்து சூடேறிக் கறுத்துப் போகும். ஃபெக்டரியில் அதைத் திருப்பி அனுப்புவார்கள்.

நீங்கள் போனட்டைத் திறந்து, டீசல் பம்ப்பில் இருந்த ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டினீர்கள். யாரும் திருப்ப முடியாதபடி கம்பி கோத்து ஈயத்தால் முத்திரை வைத்திருந்தது.

"பாத்தியா? ஜப்பான்காரன் பாதி பவர குடுத்திட்டு மிச்சத்த பூட்டி வெச்சீக்கான். சல்லிய மட்டும் முழுசா எடுத்தீக்கான்."

உலகத்தில் எல்லோரும் உங்களை ஏமாற்றக் காத்திருப்பதாகவே உங்களுக்கு நினைப்பு. டீசல் ஷெட்டில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்பீர்கள். ஸ்பேனர் பெட்டியின் சாவியைச் சாரத்து பெல்ட்டில் கோத்து வைத்திருப்பீர்கள். எனக்கோ உங்கள் மீதே சந்தேகம். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரிஜினல் நோஸலைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டுகிற கராஜ்காரர்கள் எத்தனை பேர்! அதனால் என் மனைவியின் நகப்பூச்சை எடுத்து நோஸல்களில் ரகசியமாய்ப் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "நோஸலுக்கு மருதாணி போட்டது யாரு?" என்று கேட்டீர்கள். வேலை முடியும் வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டு உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்கு இருந்தது. சண்டை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பேர் போட்ட அடையாள அட்டையோடு, முத்திரை உடைத்த வண்டியில் போய் செக்பொயின்ட்டில் நின்றால் என்ன சொல்லித் தப்புவது? தப்பாவிட்டால் எந்தக் கூண்டில் எத்தனை மாதம் கிடப்பது? உங்களிடம் சொன்னேன்.

"கொழுந்து ஏத்தப் போறியா, ஊர்கோலம் போகப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் கட்டரால் கம்பியை நறுக்கென்று வெட்டி, ஸ்க்ரூவைத் திருப்பினீர்கள்.

டீசல் கூடினால் காற்றும் கூட வேண்டும் என்று, ஏதோ லொறியில் இருந்த பெரிய ஏர் கிளீனர் தகரத்தைக் கொண்டுவந்து உள்ளே திணித்தீர்கள். போனட் மூடவே அடம்பிடித்தது. ஆனால் அன்றைக்கு முழு லோடோடு கடைசி வளைவை ஏறினேன் நானா. சந்தோஷத்தில் தனியாகக் கத்தினேன்.

நான் பயந்தது சில மாதங்களில் நடந்தது. இரத்தினபுரி வீதியில் மறித்தார்கள். போனட்டைத் தூக்கிய சிப்பாய் அந்தத் தகரத்தைத் துப்பாக்கி முனையால் தட்டி, "மே மொகத?" என்றான். இது என்னவென்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். வெட்டிய கம்பியையும் பார்த்துவிட்டார்கள். இவ்வளவு பவர் உனக்கு எதற்கு, எங்கே தப்பி ஓட என்று கேட்டுப் பொலிஸில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

என் மனைவி யாரிடமும் போகாமல் உங்களிடம்தான் ஓடியிருக்கிறாள். "நானா, அவர புடிச்சிட்டாங்க. நீங்க செஞ்ச வேலைக்குத்தான் புடிச்சிருக்காங்க" என்று சண்டைக்கு நின்றாளாம்.

கிறீஸ் கையோடு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். யாரும் கேட்காமலே முற்றத்தில் நின்ற வண்டியிலிருந்து அந்தத் தகரத்தைக் கழற்றி வந்து, அதிகாரி முன்னால் திறந்து, உள்ளே இருந்த ஃபில்டரை உருவி மேசையில் வைத்தீர்கள். தூசி பறந்து அவர் தும்மினார். "ஓடுறதுக்கு இல்ல சேர், இழுக்கிறதுக்கு" என்று சிங்களத்தில் விளக்கினீர்கள். அவர் என்னைக் காட்டி, "இவனுக்கு நீ பொறுப்பா?" என்று கேட்டார். நான் உங்கள் முகத்தையே பார்த்தேன்.

"என் கூடப்பிறந்தவனுக்கே நான் பொறுப்பு நிக்க மாட்டேன் சேர். ஆனால் முத்திரையை வெட்டியது நான். குற்றமென்றால் என்னை வைத்துக்கொண்டு இவனை அனுப்புங்கள்" என்றீர்கள்.

யுத்தம் நடக்கும் நாட்டில், பொலிஸுக்குள் நின்று யார் அப்படிச் சொல்வார்கள்? நம் இருவரையுமே அந்தி வரை அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கெங்கோ விசாரித்துவிட்டுப் பிறகு போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது வண்டியை நான் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். "அப்ப என்னைய நம்பித்தானே நானா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னய நம்புறது எண்டு யாரு சொன்ன? அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றீர்கள். சொல்லிவிட்டு, கியரை ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று ஏசினீர்கள்.

நீங்கள் மவுத்தாகி, உங்கள் அடக்கத்துக்கு வந்து மையவாடி வாசலில் நின்றபோதும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. போன வருசம் என் ஹயர் ஓட்டங்களை எல்லாம் தட்டிப் பறிக்கிற பக்கத்துத் தோட்டத்து வேன்காரனைச் செக்பொயின்ட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வாயைத் திறந்தாலே பொய். அவன் பெண்சாதி எங்கள் வாசலில் வந்து நின்றபோது, நான் சட்டையை மாட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். அவன் வெளியே வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவனை நான் இன்னும் நம்பவில்லை, நானா.