கொடியைப் பார்த்துவிட்டு இறங்கு

அன்பு மகளே,

வஹாக்கா நகரத்திலிருந்து மலைச்சாலையில் வருவதானால் வேனில் முன் இருக்கையைக் கேட்டு வாங்கு. குழந்தையை வெறும் வயிற்றோடு ஏற்றாதே. மெக்சிகோ நகரத்துப் பிள்ளைக்கு நம் வெயில் தெரியாது. தொப்பி இல்லாமல் மணலில் விடாதே.

சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால்கூட நனையக் கூடாது. மஞ்சள் என்றால் கவனமாக இறங்கலாம். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும். என் பேத்திக்கு இதெல்லாம் மனப்பாடமாகட்டும்.

இப்போதெல்லாம் அலையில்லாத நாளிலும் காவல் மேடையில் சிவப்பைத்தான் ஏற்றுகிறேன். மீன் கடை எவோடியா கத்துகிறாள்: "யோவ், கடல் குளம் மாதிரி கெடக்கு, இன்னும் செவப்பா? வந்த கூட்டமெல்லாம் அடுத்த கரைக்குப் போவுது. மஞ்சள ஏத்துனா கை அழுகிடுமா?"

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், கரையில் கூட்டம் குவியும்போது, கடைக்காரர்கள் மேடைக்கு வறுத்த மீனும் பீரும் அனுப்புவது வழக்கம். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். இந்த வருடமும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி: "மாமா மாதிரி செவப்புக் கொடிய மதிக்காம எறங்குனா திரும்பி வர முடியாதுன்னு இவகிட்ட சொல்லி வச்சிருக்கேம்பா."

இனி அப்படிச் சொல்லாதே. உன் தம்பி இலாரியோ சொல் பேச்சு கேட்பவன். ஆறு வருடமாக நீயும் ஊரும் நம்புவது நான் சொன்ன கதை. கடல் அவனைக் கொண்டுபோன அன்று, இறங்குமுன் அவன் மேடையை நிமிர்ந்து பார்த்தான். மஞ்சள்தான் பறந்தது. மீனைத் தின்ற கையால் நான்தான் ஏற்றியிருந்தேன்.

இதைப் படித்த பிறகும் வருவதானால், அந்தத் தொப்பியை மறந்துவிடாதே.

உன் அப்பா