ராணியை எங்கே வைப்பது

12 நவம்பர் 1968, செவ்வாய்.

பல்லாவரம் வாடகை லாயத்திலிருந்து என் குதிரை ராணியை இரும்புலியூர் வீட்டுக்கே கொண்டுவந்து பத்து நாளாகிறது. தனியாகப் புல்லைத் தொடமாட்டேன் என்கிறது. ரோட்டில் ஜட்கா போனால் கனைத்துக் கனைத்து ஓய்கிறது. "பாவங்க அது. திரும்ப அங்கேயே விட்டுடுங்க," என்றாள் மனைவி ஸ்டெல்லா.

பள்ளி விட்டதும் லாயத்துக்குப் போனேன். முன்பு ராணிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கிழட்டுக் குதிரை என்னைப் பார்த்து முகத்தை நீட்டியது. தடவிக்கொடுத்தேன். அதன் மூக்கு ஒழுகியது. லாயக்காரர் காதர் பாய் ஓடிவந்தார்.

"அத்தத் தொடாதே சார்! மூக்கு நோவு வந்துகீது. ரெண்டு குதிரை செத்துப் பூட்ச்சு. ராணிய இங்க இட்டாராதே."

ராணி இனி தனியாக வீட்டில்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதியில் சைக்கிளை மிதித்தேன். வீட்டுக்கு வந்ததும் ராணிக்கு ஒரு பிடி புல்லை நீட்டினேன். பத்து நாளில் முதல்முறையாக ராணி ஆசையாகத் தின்றது. என் உள்ளங்கையையும் நக்கியது.

"கை கழுவிட்டு வாங்க, காபி ஆறுது," என்றாள் ஸ்டெல்லா.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கொட்டகையில் ராணி தும்முகிறது. புல் தூசியாகத்தான் இருக்கும்.