கைப்பிடிக்குப் பெயின்ட் அடிச்ச கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. உடம்புக்கு நானும் உங்கப்பாவும் சுகம்தான், பேச்சுவார்த்தைதான் படுத்துக்கிடக்குது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்களா, பேத்திக்குச் சளி விட்டுச்சா? உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு, இந்த மாசத்துக்கு அது ஒண்ணுதான் நல்ல சேதி.

நேத்து போன்ல, நீ சும்மா இரேம்மான்னு சொன்னே பாரு, பதில் வாய் வரைக்கும் வந்துச்சு, பேத்தி அழுவுறாளேன்னு வெச்சுட்டேன். அதான் எழுதுறேன். நம்ம மாடிப்படிக் கைப்பிடி துருப்பிடிச்சு ஆடினது இந்தக் கட்டடத்துல யாருக்குத் தெரியாது? துரு கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒருத்தரும் அதை நம்பிப் பிடிக்கல, சுவரோரமாத்தான் ஏறி இறங்குவோம். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர்னு பேரு வெச்சுக்கிட்டு உங்கப்பா என்ன பண்ணாரு? வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன். பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிட்டு, மேல்வீட்டுல கல்யாணம் வந்ததும் பெயின்ட்காரரை வரவெச்சு பளபளன்னு பச்சை அடிச்சுட்டாரு. சரிபண்ணியாச்சுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. மூணாவது மாடித் தையல்காரம்மாவும் நம்பித்தான், துணி மூட்டையோட ஏறி வந்தவங்க, மூச்சு வாங்க நின்னு அதைப் பிடிச்சாங்க. கைப்பிடியோட சேர்ந்து கீழ்ப்படியில போய் விழுந்தாங்க, நான் வாசல்லயே நிக்கிறேன், என் கண்ணு முன்னாடி. வலது மணிக்கட்டு நொறுங்கிடுச்சு. இனிமே மெஷின்ல உக்கார முடியுமான்னு டாக்டரே உதட்டைப் பிதுக்குறாரு.

இப்ப உங்கப்பா சொல்றாரு, யாரும் தள்ளிவிடலயாம், அந்தம்மா போன் பேசிக்கிட்டே வந்து தவறிட்டாங்களாம், கைப்பிடி ஆடுதுன்னு அவருகிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லயாம். அடுத்த மாசம் முதல் ஞாயிறு கூட்டத்துல இப்படியே முடிவு எழுதிட்டா சங்கம் கைகழுவிடும், கையும் போயி கெட்ட பேரும் அந்தம்மாவுக்குத்தான். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! அந்தம்மா கையில போனும் இல்ல ஒண்ணும் இல்ல, மூட்டைதான் இருந்துச்சுன்னு சொல்லுங்கன்னு கேட்டா, தள்ளிவிட்டாத்தான் குத்தம்ங்கிறாரு. உங்கப்பா கெட்டவரு இல்லடி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினதே அவருதான். ஆனா ஓடினதை மட்டும்தான் ஊரெல்லாம் சொல்றாரு. பொய் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்னு நீ சொல்றே. சும்மா இருந்துதானேடி அந்தக் கை நொறுங்குச்சு? நானும் வீட்டுக்குள்ளதான் கத்தினேன், வெளிய சும்மாத்தான் இருந்தேன். இனிமே முடியாது. எழுந்து நின்னு சொல்லத்தான் போறேன். மானம் போயிடும்ங்கிறாரு, போகட்டும். வேளைக்குச் சோறு போடுவேன், மாத்திரை எடுத்துக் குடுப்பேன், வாயை மட்டும் மூடமாட்டேன்.

நீயும் நழுவ முடியாது. போன தடவை இங்க வந்துட்டுப் பெட்டியோட இறங்கும்போது கைப்பிடியை ஆட்டிப் பாத்துட்டு, அப்பா இது கையோட வருதுன்னு நீ சொன்னே, நான் பின்னாடியேதான் வந்தேன். நான் சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நீ அவரு செல்லப் பொண்ணு, நீ சொன்னா இல்லைன்னு சொல்ல அவருக்கு நாக்கு வராது. அதனால கூட்டத்துலயே எல்லாரு முன்னாடியும் உனக்குப் போன் போடுவேன்.

பேத்திக்கு என் முத்தம். குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளிய போ. மூணு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும். கூட்டம் நடக்கிற ஞாயித்துக்கிழமை போனை எடு. எடுக்கலேன்னா, எடுக்கலன்னும் அங்கேயே சொல்லிடுவேன்.

உன் மேல உயிரையே வெச்சிருக்கிற,
அம்மா