பூஜைப் படம் வராது

அன்புள்ள அம்மாவுக்கு, துளசி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

“ஆயுத பூஜை போட்டோ அனுப்புமா, நம்ம பிள்ளையார்பாளையமே கேட்டுக்கினு இருக்குது” என்றாயே, அது வராது. இந்த வடநாட்டு ஊரில் நம்மூர் மாதிரி ஆயுத பூஜை கிடையாது. எங்கள் மின் கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் சந்தனம், குங்குமம் வைத்தேன். மேலதிகாரி ஆசையாகப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். திரையோரம் ஒட்டியிருந்த பாஸ்வேர்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது!

“அழித்துவிட்டேன், விடு” என்றார். நான் விடவில்லை. பல ஊர்களுக்கு மின்சாரம் அனுப்பும் இடம் இது. இப்படி ஏதாவது கசிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். “நீங்கள் எழுதுகிறீர்களா, நான் எழுதட்டுமா?” என்று கேட்டேன். அவரே எழுதினார். பாஸ்வேர்டுகளை மாற்றினோம். அதனால்தான் அந்தப் படம் உனக்கு வராது. எந்த ஊரிலும் விளக்கு அணையவில்லை. என் வேலைக்கும் ஆபத்தில்லை, பயப்படாதே. மேலதிகாரியும் கூட வேலை செய்பவர்களும் மட்டும் இப்போது என்னை டீக்குக் கூப்பிடுவதில்லை.

கொஞ்சம் பருப்புப் பொடி அனுப்பு. நம் தறியில் வைத்த பொட்டு அழிவதற்குள் அதைப் படமெடுத்து அனுப்பு. நீயும் அப்பாவும் பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. எல்லாம் தெளிவாகத் தெரியட்டும், முக்கியமாக உங்கள் முகம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

துளசி