வாடைக் கச்சேரியின் கடைசிச் சொல்

மச்சாள்,

இன்று காலை வாடைக்காற்று திரும்பிவிட்டது. குசினி யன்னலைத் திறந்ததும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளைப் பாசியின் பச்சை நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த நாற்றம் வந்தால் ஊரில் மற்றவர்களுக்கு மழை நினைவு வரும், கரையில் இழுத்துவைக்க வேண்டிய வள்ளம் நினைவு வரும். எனக்கு நீதான் நினைவில் வருகிறாய். மாதா கோயில் வாசலில், பாட்டுக்காரரின் முன்வரிசையில், என் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறாய். நீ இறந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்காத ஒன்றை இப்போது எழுதிக் கேட்கிறேன். பதில் வராது என்ற துணிச்சல்தான், வேறென்ன.

கச்சேரிகளைத் தொடங்கியவர் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மாற்றலாகி வந்த பங்குச் சுவாமி. கடற்கரைச் சனமும் குடியேற்றத் திட்டத்து வயற்சனமும் மீனுக்கு விலை பேசும்போது மட்டும் முகம் பார்க்கிறார்கள், இது சரியில்லை என்றார். பாலன் பிறந்த நத்தாருக்கு ஒன்று, ஆண்டவரின் உயிர்ப்புக்கு ஒன்று, கோயில் திருநாளுக்கு ஒன்று என்று கச்சேரி வைத்தார். அவர் சூட்டிய பெயர்கள் நீளமானவை, அழகானவை. நம் ஆட்கள் அவற்றை மதிக்கவே இல்லை. வாடைக் கச்சேரி, கொண்டல் கச்சேரி, சோளகக் கச்சேரி என்று அந்தந்தக் காலத்துக் காற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். பூசைக்கு லத்தீன், கச்சேரிக்குத் தமிழ். வயல் செய்யும் கமக்காரர்கள் நெற்றியில் திருநீறோடு வண்டில் கட்டிக்கொண்டு வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் மணலில் இருப்பார்கள். இருட்டுமுன் யானைக்காட்டைக் கடந்து அவர்கள் வீடு போய்ச்சேர வேண்டும் என்பதால் எல்லாக் கச்சேரியும் பின்னேரத்திலேயே முடிந்துவிடும்.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள். நீ பாட்டுப் பழக வந்தது தேவனைத் துதிக்க அல்ல, பின்வரிசையில் நின்ற என் அண்ணனைப் பார்க்க என்பது எனக்கு முதல் நாளே தெரியும். உனக்கு ஊசி போல மெல்லிய குரல். அண்ணனுக்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். உங்கள் கலியாணத்துக்குப் பிறகு, வீட்டில் இரண்டு பேரும் சண்டை பிடித்தால் அயலுக்கு ஒரு பக்கம் மட்டுந்தான் கேட்கும் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒவ்வொரு கச்சேரியும் சுவாமி தாமே கட்டிய பாட்டோடுதான் முடியும். அதன் கடைசி அடி, “ஆண்டவரே, உம்மிடம் போகிறேன்.” முதல்முதல் அதைச் சொல்லித்தந்த அன்று அண்ணன்தான் எழும்பினார்.

“குறை நினையாதேங்கோ, சுவாமி. கடலுக்குப் போற சனம் ‘போறன்’ எண்ட சொல்லை வாயாலை எடுக்காது. ‘வாறன்’ எண்டுதான் படலை தாண்டுவம்.”

இது மீனுக்குப் போகிற பாட்டல்ல, மோட்சத்துக்குப் போகிற பாட்டு என்று சுவாமி விளங்கப்படுத்திப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினோம். கச்சேரியன்று, ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே, அத்தனை பேரும் “வருகிறேன்” என்று பாடினோம். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் அப்படித்தான். எங்களுக்கு முன்னால் நின்று கைகாட்டும் சுவாமியின் உதடு மட்டும் பாவம், தனியாகப் ‘போ’ என்று குவியும்.

பிறகு ஒரு வருசம் சோளகம் ஓய்ந்து, வாடை நினையாத நேரத்தில் முந்திக்கொண்டு திரும்பியது. அண்ணன் வழமைபோல உன்னிடம் “வாறன்” என்று சொல்லிப் போனவர். வள்ளத்தின் பாய்மரம் மட்டும் கரைக்கு வந்தது.

முப்பத்தோராம் நாளும் கடந்தது. மரித்தவருக்கான பூசை வைக்க வேண்டும் என்று அம்மா அழுதா. பெண்சாதி சொல்லாமல் வைக்கமாட்டேன் என்று சுவாமி சொல்லிவிட்டார். நீயோ நிறச்சேலையை மாற்றவில்லை. ஊர் கதைத்தது, உன் காதிலும் விழுந்தது. நான் கேட்க வந்தபோது நீ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாய். தலை நிமிராமலே சொன்னாய்:

“‘வாறன்’ எண்டு சொல்லிப்போட்டுப் போன மனிசன். உன்ரை அண்ணன் பொய் சொல்லி நீ எப்பவாவது கேட்டனியோ? சாகாத ஆளுக்குப் பூசை வைச்சால், நானே அவரைச் சாகடிச்சமாதிரி.”

அம்மாவின் பக்கமும் எனக்குத் தெரியும். பூசை இல்லாத ஆத்துமா கடலுக்கும் கரைக்கும் அலையும் என்பது அவவின் நம்பிக்கை. விடியப்புறம் வாசல் மண் நனைந்திருக்கிறது, பனி பெய்யாத நாளிலும் நனைந்திருக்கிறது என்றா. வயதுபோனவரின் மனம் என்று நினைத்தேன். ஒரு காலை நானும் எழும்பிப் பார்த்தேன். முற்றம் முழுக்க காய்ந்து கிடக்க, வேலிப் படலையிலிருந்து வாசற்படி வரை மட்டும் மண் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அம்மா நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தா. பூசை நடக்காவிட்டால் அவவும் போய்விடுவா என்று எனக்குப் பயம். உன்னை நெருக்கினால் நீ உடைந்துவிடுவாய் என்றும் பயம்.

அந்த நிலையில்தான் வாடைக் கச்சேரி வந்தது. நீ பாட வருவாய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. வந்தாய். பின்வரிசையில் அண்ணன் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. நெருங்கி நில்லுங்கள் என்று சுவாமி ஆண்களுக்குச் சைகை காட்டினார். நெருங்கினார்கள். ஆனாலும் திரும்பிப் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே இருந்தது. கடலிலிருந்து காற்று வந்து அதற்குள்ளால் புகுந்து என் பிடரியில் பட்டது.

கடைசிப் பாட்டின் கடைசி அடி. வழமைபோல எல்லோரும் “வருகிறேன்” என்றோம். அத்தனை குரலுக்கும் கீழே, ஆறுதலாக, கனமாக, ஒரு குரல் “போகிறேன்” என்றது.

ஆர்மோனியம் நின்றுவிட்டது. சுவாமியின் கை அந்தரத்தில் நின்றது. வயற்சனம் ஒன்றும் அறியாமல் கைதட்டியது. நம்மவர்களில் ஒருவர்கூடத் தட்டவில்லை. பின்வரிசை ஆண்கள் ஒருவரின் வாயை ஒருவர் பார்த்தார்கள். முதல்முதலாக அன்றுதான் கச்சேரிக்கு வந்திருந்த ஒரு கமக்காரர், வண்டில் ஏறுமுன் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்தக் கனத்த குரல்காரர் ஆர்? அவர் மட்டும் கடைசிச் சொல்லை வேறையாச் சொன்னார். நல்ல சாரீரம்.”

இருட்டுமுன் காடு கடக்க வேண்டும் என்று அவரை வண்டிலில் ஏற்றிவிட்டேன். அவர் போன பிறகு நீ என் கையைப் பிடித்தாய். உன் கை கடல்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

“நீயும் கேட்டனியோ?”

“ஓம்.”

“அவர்தானே?”

“அண்ணன்தான்.”

மறுநாள் காலை நீயே சுவாமியிடம் போய்ப் பூசை வைக்கச் சொன்னாய். பூசை முடிந்த அன்று அம்மா இரண்டு வாய் சோறு தின்று, நன்றாக நித்திரை கொண்டா. வாசல் மண் அதற்குப் பிறகு நனையவில்லை. நீ வெள்ளைச் சேலை உடுத்தாய். ஆனால் ஒரு கச்சேரியிலும் பிறகு பாடவில்லை. தொண்டை சரியில்லை என்றாய்.

விளக்கம் ஒன்றும் கேட்காமல் ஊர் இதை ஏற்றுக்கொண்டது. அண்ணன் கடலிலிருந்து எழும்பி வந்து, தன் இடத்தில் நின்று, விடைபெற்றுப் போனார் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மச்சாள், அந்தக் குரல் பின்வரிசையிலிருந்து வரவில்லை. உன் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. அந்தச் சொல் எழுந்தபோது உன் எலும்பு, ஆர்மோனியப் பெட்டியில் சாய்ந்தால் அதிர்வதுபோல அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். உன் கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. ஊசிக்குரல்காரியான உன் நெஞ்சுக்குள்ளிருந்து என் அண்ணன் பாடினார்.

அவர்தான் உனக்குள் வந்து நின்றாரா? இல்லாவிட்டால், ஒருவராலும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாத அவரை, அவருடைய குரலை எடுத்து நீயே அனுப்பிவைத்தாயா? முதலாவதை நினைத்தால் பயம் வருகிறது. இரண்டாவதை நினைத்தால் அழுகை வருகிறது. நீ “அவர்தானே” என்று கேட்டபோது உன் முகத்தில் உண்மையான கேள்வி இருந்தது. உனக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் நானும் ஒருநாளும் சொல்லவில்லை.

அண்ணனுக்குக் கல்லறை இல்லை. அம்மா கடற்கரையில் மெழுகுதிரி கொளுத்துவா, நானும் கூடப் போவேன். ஆனால் எனக்கு அவர் கிடக்கும் இடம் அதுவல்ல. என் இடது தோளில், நீ ஒட்டி நின்ற அந்த இடத்தில், அந்த அதிர்வு இன்னும் நிற்கவில்லை. சில நாட்களில் குளிக்கும்போது அதன்மேல் தண்ணீர் வார்க்க எனக்குக் கை வருவதில்லை.