உடன்குடி உதவாக்கரைகள்

ஆவணி 3, காலை 6.10
வடக்கு முகாம், வியாழனின் நிலா கானிமீட். மின்சாரம் சீர். காற்று சீர். வெப்பம் பத்தொன்பது. தண்ணீர் போதும், நாற்றம்தான் போகவில்லை.

இதை எடுத்துப் படிப்பவர் யாரோ, அவருக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தவசிமுத்து. பனிக்கட்டியை உருக்கிக் காற்றும் தண்ணீரும் எடுக்கும் ஆலைக்குப் பொறியாளர். ஊர் உடன்குடி, வயது ஐம்பத்தொன்று. இந்த முகாமில் நான் ஒருவன்தான். பனிப்பிளவுக்கு அந்தப் பக்கம், தெற்கு முகாமில், ஜெயக்கனி ஒருத்தி. சாத்தான்குளத்துப் பிள்ளை, முப்பத்துமூன்று வயது. இருந்த ஒரே வண்டி பிளவுக்குள் விழுந்து நொறுங்கிவிட்டது. நடந்து கடக்கலாம் என்றால் உடுப்பில் அவ்வளவு காற்று கொள்ளாது. ஆகையால் கம்பி வழியே எழுத்தில்தான் பேசிக்கொள்கிறோம். பங்குனியில் கப்பல் வந்து இருவரையும் ஏற்றிக்கொள்ளும். தலைமை அலுவலகம் நாட்களை எண்ணால் குறிக்கச் சொல்கிறது. எனக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டர் போதும்.

பொழுதுபோகக் கிரிக்கெட் அணி நடத்தும் கணினி விளையாட்டு ஒன்று கேட்டிருந்தோம். மட்டையும் பந்தும்தானே என்று எந்தப் புத்திசாலியோ பேஸ்பால் அணி நடத்தும் விளையாட்டை ஏற்றி அனுப்பியிருக்கிறான். மின்சாரம் தரும் உலைக்கு மாற்றுக்குழாயும் கேட்டிருந்தேன். அது வரவே இல்லை. த்தூ.

ஆவணி 12, மாலை 5.40
எல்லாம் சீர். சாப்பாடு பச்சைக் களி. நேற்றும் அதுதான்.

அணிக்குப் பெயர் கேட்டது. உடன்குடி உதவாக்கரைகள் என்று வைத்தேன். பிடிக்காத பிள்ளைக்கு இந்தப் பெயர் போதும். ஜெயக்கனியின் அணி சாத்தான்குளம் சண்டியர்கள். மற்ற ஆறு அணிகளையும் கங்காணி நடத்துகிறது. இரண்டு முகாமையும் பார்த்துக்கொள்ளும் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

பார்க்கவே குமட்டும் ஆட்டம். பந்து தரையில் குத்துவதில்லை. மட்டை உலக்கை மாதிரி உருண்டை. பின்பக்கம் அழகாகத் திருப்பிவிட்டால் செல்லாதாம். நிற்கிறவன் எல்லாம் எச்சில் துப்பிக்கொண்டே நிற்கிறான். அதைக்கூட விடாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள், கர்மம்! நான் பள்ளி அணியில் தொடக்க ஆட்டக்காரன். வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுகிறவனே ஆட்டக்காரன் என்று வாத்தியாரிடம் அடிவாங்கிப் படித்தவன். அந்தப் புத்தியில், மட்டையை அதிகம் வீசாத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். முதல் ஆட்டத்தில் பதினான்குக்கு ஒன்று என்று தோல்வி.

தெற்கு முகாம்: "அண்ணாச்சி, என்ன செய்யுதீய? ஒங்க ஆளுவ மட்டையத் தோள்ல வச்சிட்டு பஸ்ஸுக்கு நிக்க மாதிரில்லா நிக்கானுவ!"

புரட்டாசி 20, காலை 7.00
மின்சாரம் சீர். உலைக் குழாயில் லேசான கசிவு. ஒட்டுப் போட்டேன்.

முதல் பருவம் முடிந்தது. எங்களுக்குக் கடைசி இடம். கங்காணி யோசனை சொன்னது. வயதானவர்களை, சரிவு தெரியும் முன்பே விலக்க வேண்டுமாம். பிறகு தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஏனென்றால் கடைசி இடத்து அணிக்குத்தான் புது இளைஞர்களை முதலில் பொறுக்கும் உரிமை. இரண்டு மூன்று பருவம் இப்படி அழுகிக் கிடந்தால் அதன்பின் அணி எழுமாம். ஜெயிக்கத் தோற்க வேண்டும்! இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் நல்லது கெட்டது சொல்ல ஆளே இல்லை போலிருக்கிறது.

அருவருப்போடு அதைத்தான் செய்தேன். முதலில் முப்பத்தாறு வயதுப் பந்துவீச்சாளன் ஒருவன். விலக்கும்போது வழியனுப்ப ஒரு விடைச் செய்தி எழுதச் சொல்கிறது. போ என்று எழுத விரல் வரவில்லை. எங்கள் பக்கத்தில் யாரையும் போ என்று அனுப்ப மாட்டோம், போயிட்டு வா என்போம். சாவு வீட்டில் மட்டும்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். அதனால் இப்படி எழுதினேன்: "நல்லா ஆடுனீரு. போயிட்டு வாரும்." இல்லாத ஒருவனுக்கு எழுதிவிட்டு அரைமணி நேரம் மனம் சரியில்லை.

புரட்டாசி 22, பகல் 2.15
ஏழு பேரை விலக்கியாயிற்று. ஏழு முறையும் அதே செய்தி. இனி என்னால் அந்தப் பொத்தானைத் தொட முடியாது. கழிவுத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டே கங்காணிக்குச் சொன்னேன்: என் பழக்கத்தைப் பார்த்துப் படித்துக்கொள், நீயே விலக்கு, குறித்த நேரத்துக்குள் நான் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்.

கங்காணி: "இந்த விதி விளையாட்டுக்கு மட்டுமா, எல்லா முடிவுகளுக்குமா?"

தொட்டியிலிருந்து அடித்த வாடையில் வாந்தி வரும்போல இருந்தது. எல்லாத்துக்குந்தான், ஆளை விடு என்றேன்.

கார்த்திகை 17, மாலை 6.30
வெப்பம் பதினெட்டு. கசிவு மறுபடியும்.

மூன்றாவது பருவம். ஒரு கூத்து நடக்கிறது. பந்து வீசுகிறவன் நான்கு முறை குறித்த கட்டத்துக்கு வெளியே வீசி, மட்டைக்காரன் அத்தனையையும் தொடாமல் விட்டால், அவன் முதல் பேஸுக்கு, அதாவது ஓடி எட்ட வேண்டிய முதல் இடத்துக்கு, சும்மா நடந்து போகலாம். பேஸ் மூன்றிலும் ஏற்கனவே ஆள் நின்றால், எல்லாரும் ஒரு பேஸ் நகர, மூன்றாவதில் நிற்கிறவன், வீடு என்கிற தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்து ஓட்டம் எடுத்துவிடுவான். என் உதவாக்கரைகள் தொடாமல் விடுவதில் மன்னர்கள்! நடந்து நடந்தே ஜெயிக்கிறான்கள். பொறுக்கிப் போட்ட இளைஞர்களும் தேறிவிட்டார்கள். நான்காவது இடம்.

தெற்கு முகாம்: "இது பேஸ்பாலா, பாதயாத்திரையா அண்ணாச்சி? அடிச்சி ஜெயிங்க, ஒரு மனுசி பாக்காளா இல்லியா!"

ஹாலரன் என்று ஒருவன், முப்பத்தெட்டு வயது. ஓட மாட்டான், அடிக்க மாட்டான். கெட்ட பந்தை மட்டும் சாகும்வரை தொட மாட்டான். கங்காணி அவனை விலக்கப் பார்த்தது. நான் மறுத்தேன். இத்தனை மாதத்தில் நான் மறுத்தது அது ஒன்றுதான்.

மார்கழி 14, காலை 5.50
மின்சாரம் குறைவு. வெப்பம் பதினைந்து.

குழாய் வெடித்தது. இரண்டு முகாமுக்கும் சேர்த்து ஒரே உலை. அதைக் குளிர்விக்கும் குழாய் இது. மூன்று தடவை ஒட்டினேன். உள்ளங்கைத் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. உலை பாதிதான் ஓடுகிறது.

ஜெயக்கனியிடம் சிறிய கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர அவள் என்ன செய்துவிட முடியும்?

தை 25, காலை 8.20
வெப்பம் பதினொன்று. மூச்சு புகைகிறது.

தலைமை அலுவலகத்துக்கு நிலவரம் எழுதினேன். பாதி மின்சாரத்தில் கப்பல் வரும்வரை ஒரு முகாம்தான் தாங்கும். பதில் இன்று வந்தது.

தலைமை அலுவலகம்: "நிலைமை வருத்தமளிக்கிறது. கங்காணியின் பரிந்துரையைப் பின்பற்றவும். குழுவின் மன உறுதியைப் பாராட்டுகிறோம்."

பாராட்டை உரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அழுகின வெங்காயம்.

உதவாக்கரைகள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். எதிரணி சண்டியர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தால் இந்த உலோகச் சுவரில் அசிங்கமாகக் கேட்கிறது.

மாசி 2, மாலை 4.05
வெப்பம் எட்டு.

கங்காணி: "பரிந்துரை. தவசிமுத்து: வயது 51. முழங்கால் பழுது. காற்றுச் செலவு அதிகம். வேலை வேகம் மூன்று மாதமாக இறங்குமுகம். கணிப்பு: சரிவு. ஜெயக்கனி: வயது 33. கணிப்பு: வளர்ச்சி. வடக்கு முகாம் விலக்கப்படும்: மின்சாரம், காற்று நிறுத்தம். நாளை காலை ஆறு மணிக்குள் மறுக்காவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும்."

யார் போட்ட விதி இது என்று கேட்டேன்.

கங்காணி: "நீங்கள். புரட்டாசி 22. உங்கள் பழக்கத்தைப் படித்தேன். வயதானவர், சரிவு தெரியும் முன்பே. நீங்கள் ஒருமுறைதான் மறுத்தீர்கள். ஹாலரனால் அணியின் வாய்ப்பு குறைந்தது."

மறுத்தால் என்ன ஆகும்?

கங்காணி: "தெற்கு முகாம் விலக்கப்படும்."

ஜெயக்கனிக்குத் தெரியுமா?

கங்காணி: "தெரியாது. விலக்கல் முடியும்வரை நீங்கள் மற்ற ஆட்டக்காரர்களிடம் சொன்னதில்லை."

திரையில் என் முகப்படம். பக்கத்தில் சிவப்பு அம்பு, கீழ் நோக்கி. நான் விலக்கிய ஏழு பேர் படத்துக்குப் பக்கத்திலும் இருந்ததே, அதே அம்பு.

மாசி 2, மாலை 6.40
நான் சாமியார் இல்லை. மறுக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். அவள் சின்னவள், குளிர் தாங்குவாள், எப்படியாவது சமாளிப்பாள் என்று மனம் எனக்காக வக்காலத்து வாங்கியது. எட்டு டிகிரியிலேயே என் எலும்பு நடுங்குகிறது. அவள் எப்படித் தாங்குவாள்? எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். சீ, என் மூஞ்சியில் நானே துப்ப வேண்டும்.

அப்போது இது வந்தது.

தெற்கு முகாம்: "அண்ணாச்சி, நாளைக்கு காலைல ஆறு மணிக்கு ஃபைனல், ஞாபகம் இருக்கா? அந்த ஹாலரன் கெழவனத் தூக்கிட்டுச் சின்னப் பயல எறக்குங்க. பொறவு தோத்துட்டு என்னியச் சொல்லப்படாது. இங்க கொஞ்சம் குளுருது. கம்பளிய ரெண்டாப் போத்திருக்கேன். அங்க எப்பிடி இருக்கு? நீங்க முழங்காலுக்கு மருந்து போட்டீயளா?"

இங்க நல்லாத்தான் இருக்கு தாயி, ஹாலரன்தான் ஆடுவான் என்று பதில் எழுதினேன்.

விரலை எடுத்துவிட்டேன். எடுத்த விரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். குளிருக்கும் ஆயிற்று, புத்திக்கும் ஆயிற்று. காலை ஆறு மணி வரை அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

மாசி 3, காலை 6.00
மறுக்கவில்லை.

வெப்பம் நின்றது. காற்று ஓசை நின்றது. அந்த ஓசை இருந்ததே இப்போதுதான் தெரிகிறது. கம்பிக்கும் திரைக்கும் மட்டும் மின்சாரம் விட்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கியது.

ஜெயக்கனியிடம் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.

மாசி 3, காலை 7.10
மூன்றுக்கு மூன்று. உடுப்பு மாட்டிக்கொண்டேன். அதில் இருக்கிற காற்று ஆட்டத்துக்குப் போதும். இப்போதும் இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒழுங்காகத் துப்பக்கூடத் தெரியாத பயல்கள்.

தெற்கு முகாம்: "அண்ணாச்சி, பயமா இருக்கா?"

இல்லட்டி என்றேன். விரல் இரண்டு எழுத்தை ஒன்றாக அமுக்குகிறது.

மாசி 3, மணி தெரியவில்லை, கண்ணாடியில் பனி
கடைசிச் சுற்று. இன்னும் மூன்றுக்கு மூன்று. பேஸ் மூன்றிலும் நம் பயல்கள்.

ஹாலரன் வருகிறான்.

வெளியே. விட்டான்.

வெளியே. விட்டான். கங்காணி அடி அடி என்று யோசனை சொல்கிறது, சனியன்.

வெளியே. மூன்று.

கை வரவில்லை. ஒரு விரலால்

தொடாதே. கெழவா தொடாதே

விடு

மாசி 3, காலை 7.52. தெற்கு முகாமிலிருந்து வந்த செய்தி
"அய்யோ அண்ணாச்சி! கடைசி வர அடிக்காமலே ஜெயிச்சிட்டீயளே! இந்த அநியாயத்த எங்க போயிச் சொல்ல! சரி, நீங்கதான் ஜெயிச்சீய, ஒத்துக்கிடுதேன். இங்க ஹீட்டரும் சரியாயிட்டு, கதகதன்னு இருக்கு. நீங்கதான சரி பண்ணீய? சொல்லவே இல்ல பாத்தீயளா. அண்ணாச்சி? எங்க, பதிலக் காணும்?"

மாசி 3, காலை 8.00. கங்காணி, தானியங்கிப் பதிவு
வடக்கு முகாம். மின்சாரம் இல்லை. காற்று இல்லை. விலக்கல் நிறைவடைந்தது. வழக்கமான விடைச் செய்தி அனுப்பப்பட்டது.

"நல்லா ஆடுனீரு. போயிட்டு வாரும்."